‘லெங் லுய்’ முதல் ‘செம கட்டை’ வரை: எதற்குச் சிரிப்பது, எதற்கு முறைப்பது?

மலேசியாவின் சுங்கை சிப்புட் டவுனில் ஒரு மினி மார்க்கெட் கல்லாவில் வேலை செய்யும் இளம்பெண் கேட்ட கேள்வி இது. காய்கறி இறக்க வரும் சீன அங்கிள் அவரை ‘லெங் லுய்’ என்றுதான் கூப்பிடுகிறாராம். கூட வேலை பார்க்கும் மலாய் அக்கா ‘ஹித்தாம் மானிஸ்’ என்கிறார். கடைக்கு வெளியே மோட்டாரில் சாய்ந்து நிற்கும் நம் பையன்கள் ‘செம கட்டைடா’ என்கிறார்கள். வீட்டில் பாட்டி ‘இப்பத்தான் பூசினாப்புல இருக்கே’ என்று கன்னத்தைத் தடவுகிறார். சூப்பர்வைசர் இரவு பத்து மணிக்கு வாட்ஸ்அப்பில் ‘ஹாட்’ என்று அனுப்புகிறார். “எல்லாமே பாராட்டுத்தானே, நீ ஏன் அலட்டிக்கிறே என்று தோழிகள் கேட்கிறார்கள். எனக்கு மட்டும் ஏன் ஒவ்வொன்றும் ஒவ்வொரு மாதிரி இருக்கிறது?” என்று முடித்திருக்கிறார்.

உங்களுக்குத் தோன்றுவதுதான் சரி அம்மா. நான் இந்தப் பக்கத்துத் தோட்டம் ஒன்றில் லயத்து வீட்டில் பிறந்து, இடைநிலைப்பள்ளியில் மலாய் மொழி சொல்லிக்கொடுத்து ஓய்வு பெற்றவள். வகுப்பில் மூன்று இனத்துப் பிள்ளைகளும் இருந்ததால், யார் யாரை என்ன சொல்லிக் கூப்பிட்டார்கள் என்ற பஞ்சாயத்து வராத வாரமே கிடையாது. அப்போதெல்லாம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: அந்தச் சொல் உன்னிடம் பேசுகிறதா, உன்னைக் காட்டி இன்னொருவரிடம் பேசுகிறதா? மேலோட்டமாகப் பார்த்தால் நீங்கள் எழுதிய ஐந்தும் அழகைச் சொல்பவைதான். இந்தக் கேள்வியை வைத்துப் பார்த்தால் ஐந்தும் வேறு வேறு இடத்தில் போய் நிற்கும்.

சீன அங்கிளிடமிருந்து தொடங்குகிறேன், அதுதான் சுலபம். ஈப்போவிலும் அதைச் சுற்றியுள்ள ஊர்களிலும் சந்தையில் ஓடுவது கண்டனிஸ் என்ற சீனப் பேச்சுமொழி. அதில் ‘லெங்’ என்பது அழகுக்கும் சொல்வார்கள், தரத்துக்கும் சொல்வார்கள். நன்றாகக் கொதித்து இறங்கிய சூப் ‘லெங் தொங்’. பெண் ‘லெங் லுய்’, பையன் ‘லெங் சாய்’. இந்த இரண்டும் சந்தையில் விளிச்சொல்லாகவே ஆகிவிட்டன. பள்ளிச் சீருடையில் வரும் பெண்ணும் லெங் லுய்தான், கூடை தூக்கி வரும் அறுபது வயது அம்மாவும் லெங் லுய்தான். நம்மவர் கடையில் ‘அக்கா, என்னா வேணும்?’ என்பதற்கு ஈடு அது. மாண்டரினிலும் இப்படித்தான்: கடைக்காரர் வாயில் ‘மெய் நுய்’ என்றால் அழகி, ‘ஷுவாய் கே’ என்றால் அழகன், ஆனால் காதில் விழுவது ‘வாங்க, வாங்க’ என்பதுதான். அவர் உங்கள் முகத்தைப் பார்த்துச் சொல்கிறார், பதிலுக்குக் காத்திருக்கிறார், அடுத்து வரும் அம்மாவையும் அப்படியே கூப்பிடுகிறார். தாராளமாகச் சிரிக்கலாம். ‘அங்கிளும் லெங் சாய்தான்’ என்று திருப்பிச் சொன்னால் அவர் அன்று முழுக்கச் சந்தோஷமாக இருப்பார்.

கண்டனிஸில் ராகம் தவறினால் ஆள் மாறிவிடும் என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள். குரலை நடுமட்டத்தில் வைத்து ‘லெங் சாய்’ என்றால் அழகான பையன். அதே ‘லெங்’கை உச்சத்தில் தூக்கிச் சொன்னால் விவரம் போதாத பொடிப்பயல் என்று இளக்காரம். தாய்லாந்து மொழியில் இது இன்னும் ஆபத்து: ‘சுவாய்’ என்பதைக் குரல் ஏறும்படிச் சொன்னால் அழகு, ஏற்றமில்லாமல் தட்டையாகச் சொன்னால் துரதிர்ஷ்டம். ஹாட்யாய் போகும் நம் பையன்கள் அங்கே கடைப்பெண்ணிடம் இதைச் சொல்லிப் பார்க்கும் முன் நன்றாகக் கேட்டுப் பழகிக்கொள்வது நல்லது.

அதே ‘லெங் லுய்’ இரவில் தனியாக நடக்கும் பெண்ணின் பக்கத்தில் வண்டியை மெதுவாக்கிச் சொல்லப்பட்டால் சந்தைச் சொல்லாக இருக்காது. சீனப் பெண்ணே அதற்கு முறைப்பார். இதில் நம் பக்கமும் பார்க்க வேண்டியது இருக்கிறது. ‘அமோய்’ என்பது சீனக் குடும்பங்களில் தங்கையை, சின்னப் பெண்ணைக் கூப்பிடும் பாசச் சொல். நம் பையன்கள் அதை எடுத்துச் சாலையோரம் நின்று தெரியாத பெண்களைப் பார்த்துக் கூவுகிறார்கள். வீட்டுக்குள் அண்ணன் சொன்ன சொல்லைத் தெருவில் முகம் தெரியாதவன் சொல்லும்போது அந்தப் பெண்ணுக்கு எப்படி இருக்கும் என்பது, ‘கட்டை’ என்று கேட்ட உங்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை.

அந்தக் ‘கட்டை’க்கு வருகிறேன். ‘செம கட்டைடா’ என்ற வாக்கியத்தைக் கவனியுங்கள். ‘டா’ யாருக்கு? பக்கத்தில் நிற்கும் நண்பனுக்கு. உங்கள் காதில் விழும்படிச் சொன்னாலும் அந்த வாக்கியத்தில் நீங்கள் கேட்பவராக இல்லை, காட்டப்படும் பொருளாக இருக்கிறீர்கள். இரண்டு பையன்கள் தங்களுக்குள் ஆம்பளைத்தனத்தைக் காட்டிக்கொள்ள உங்களைப் பயன்படுத்துகிறார்கள், அவ்வளவுதான் அங்கே நடப்பது. அதற்கு எடுத்த சொல்லும் உயிரில்லாத மரத்துண்டு.

இது தமிழுக்கு மட்டும் வந்த கேடு என்று நினைக்காதீர்கள். மலையாளத்தில் பையன்கள் ‘சரக்கு’ என்பார்கள், இந்தியில் ‘மால்’ என்பார்கள். இரண்டும் கடைச் சாமான். பிரேசிலின் போர்த்துகீசியத்தில் ‘கொஸ்தோசா’, ருசியானவள். டச்சு மொழியில் ‘லெக்கர் டிங்’, ருசியான சாமான். ஆங்கிலத்தில் ‘டார்ட்’ என்ற இனிப்புப் பண்டத்தின் பெயரால் 19-ஆம் நூற்றாண்டில் பெண்களைச் செல்லமாக அழைத்தார்கள். கொஞ்ச காலத்திலேயே அது நடத்தை கெட்டவள் என்ற வசையாகிவிட்டது. பெண்ணைப் பண்டமாக்கிச் சொல்லும் எந்தப் புகழ்ச்சிக்கும் இந்தச் சறுக்கல் காத்திருக்கிறது, ஏனென்றால் பண்டத்தை வாங்கலாம், அலுத்தால் ஒதுக்கலாம். நம் ‘ஃபிகர்’ எடுத்துக்கொள்ளுங்கள். ஆங்கிலத்தில் அது உடல்வாகைக் குறிப்பது. தமிழில் அந்தப் பெண்ணே ஃபிகர் ஆனாள். பிறகு ‘சூப்பர் ஃபிகர்’, ‘சப்ப ஃபிகர்’, ‘அட்டு ஃபிகர்’ என்று தரம் பிரிக்க எவ்வளவு நேரம் ஆனது? இன்று உங்களைச் ‘சூப்பர்’ என்றவன் உங்கள் தோழியை ‘அட்டு’ என்கிறான். ஒரே அளவுகோல்தான் இரண்டு பேர் மேலும் விழுகிறது. அதனால்தான் புகழப்பட்டவருக்கும் கூசுகிறது.

‘சும்மா ஜாலிக்குச் சொன்னோம்லா’ என்பார்கள். ஸ்பானிஷ் பேசும் நாடுகளில் தெருவில் போகும் பெண்ணைப் புகழ்ந்து ஒரு வரி சொல்வதற்குப் ‘பிரோப்போ’ என்று பெயரே உண்டு. அதைக் கவிதைக்கு நெருக்கமான கலை என்று பெருமையாகப் பேசியவர்கள் நிறையப் பேர். அந்தப் பெண்கள்தான் போதும் என்றார்கள். 2015-இல் பெரு நாடு பொது இடத்தில் நடக்கும் பாலியல் தொல்லைக்கு எதிராகச் சட்டம் கொண்டுவந்தது. 2018-இல் பிரான்ஸ் தெருவில் சீண்டுபவர்களுக்கு அபராதம் விதிக்கத் தொடங்கியது. நம் நாட்டில் குற்றவியல் சட்டத்தின் 509-ஆவது பிரிவு இதற்கெல்லாம் முன்பிருந்தே இருக்கிறது: ஒருவருடைய மானத்தை இழிவுபடுத்தும் நோக்கத்தோடு சொல்லும் சொல்லுக்கும் காட்டும் சைகைக்கும் ஐந்து ஆண்டு வரை சிறை, அல்லது அபராதம், அல்லது இரண்டும். மோட்டாரில் நிற்கும் தம்பிகளுக்கு இது தெரியாது. அவர்களுடைய அம்மாக்களுக்கு நீங்கள் தெரிந்தவராக இருந்தால், அந்த வழியில் போவது சீக்கிரம் வேலை செய்யும். தோட்டத்து ஊரில் யார் பிள்ளை என்று கண்டுபிடிக்க அரை மணி நேரம் போதும்.

மலாய் அக்காவின் ‘ஹித்தாம் மானிஸ்’ பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது. கருப்பும் இனிமையும் சேர்ந்த அழகு என்று பொருள். மலாயில் ‘மானிஸ்’ நாக்குக்கு மட்டுமான சொல் இல்லை, பழகும் விதத்துக்கும் சிரிப்புக்கும் சேர்த்துச் சொல்வது. ‘ச்சுன்’ என்று இளசுகள் சொல்வதோடு ஒப்பிட்டால் வித்தியாசம் தெரியும். ‘ச்சுன்’ கண்ணுக்குப் பட்ட பளபளப்பு, சரியாக அமைந்த எதற்கும் அதைச் சொல்லலாம். ‘மானிஸ்’ என்று சொல்லக் கொஞ்சமாவது உங்களோடு பழகியிருக்க வேண்டும். பந்துன் என்ற பழைய மலாய்ப் பாடல்களில் கருத்த அழகுக்கு மங்குஸ்தீன் பழத்தின் காம்பை இழுத்து வருவது பழைய வழக்கம். ஆகவே அக்கா உங்களுக்கு ஒரு நல்ல மரபிலிருந்துதான் எடுத்துக் கொடுத்திருக்கிறார். ஆனால் பழைய மலாய் வருணனைகளில் முதல் மரியாதை ‘கூனிங் லங்சாட்’ நிறத்துக்குத்தான், லங்சாட் பழத்தோல் போன்ற வெளிர் மஞ்சள். இந்தோனேசியாவில் ‘சாவோ மாத்தாங்’ என்று பழுத்த சப்போட்டாவின் பழுப்பைச் சொல்வார்கள். எல்லா நிறத்துக்கும் பழம் கிடைத்துவிட்டது, வரிசை மட்டும் இன்னும் இருக்கிறது. எனவே சில வாயில் ஹித்தாம் மானிஸ் ஆறுதல் பரிசு போலவும் வரும். அக்கா உங்கள் கண்ணைப் பார்த்து, வேறு யாரையும் சாட்சிக்கு அழைக்காமல் சொன்னால், அதை அப்படியே வாங்கிக்கொள்ளுங்கள்.

எனக்குக் கோபம் வருவது நம்முடைய வாக்கியத்தின் மேல்தான். ‘கருப்பா இருந்தாலும் களையா இருக்கா.’ தோட்டத்தில் இதைக் கேட்காமல் வளர்ந்த பெண் இருக்க மாட்டாள். கோயில் திருவிழாவில், கல்யாண வீட்டில், பெண் பார்க்கும் பேச்சில், ஆயாக் கொட்டகையில் தூளியில் கிடக்கும் குழந்தையைப் பார்த்துக்கூடச் சொல்வார்கள். ‘களை’ எவ்வளவு நல்ல சொல்! மூக்கு, முழி, நிறம் எதையும் தனியாகப் பிரிக்காமல் முகத்தில் தெரியும் உயிரைப் புகழும் சொல். ‘லட்சணமா இருக்கா’, ‘அம்சமா இருக்கா’ என்பதும் அந்த வகைதான். அப்படிப்பட்ட சொல்லுக்கு முன்னால் ‘இருந்தாலும்’ என்று ஒரு கழிவைப் போட்டுவிடுகிறார்கள். சொல்பவர் அன்பாகத்தான் சொல்கிறார், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் கேட்கும் பத்து வயதுப் பிள்ளைக்கு மனதில் தங்குவது ‘களை’ அல்ல, ‘இருந்தாலும்’.

இதில் வேதனை என்னவென்றால், நம் பழந்தமிழ் இப்படிப் பேசவில்லை. சங்கப் பாடல்களில் தலைவியின் அழகுக்குப் பெயர் ‘மாமை’, மாந்தளிரின் நிறம். கருமையும் செம்மையும் கலந்த மினுக்கம் அது. பிரிவுத் துயரில் அந்த மாமை அழிந்து உடம்பு வெளிறிப்போவதைப் ‘பசலை’ என்றார்கள். வெளிறல் அங்கே நோயின் அடையாளம். திருக்குறளில் 119-ஆவது அதிகாரம் முழுவதும் அந்தப் பசலையைப் பற்றிய புலம்பல்தான். மாமையைப் பாடிய மொழியில் பிறகு எப்படியோ வெளுப்பு மேலேறி உட்கார்ந்துகொண்டது. 1975-இல் இந்தியாவில் ‘ஃபேர் அண்ட் லவ்லி’ என்ற பெயரில் ஒரு களிம்பு வந்தது. நம் ஊர் ஒட்டுக்கடை வரைக்கும் அது தொங்கியது. வெளுப்பையும் விரும்பத்தக்க அழகையும் பெயரிலேயே முடிச்சுப் போட்ட அந்தப் பொருளின் பெயரை 2020-இல்தான் ‘க்ளோ அண்ட் லவ்லி’ என்று மாற்றினார்கள். டப்பாவில் பெயரை மாற்ற ஒரு நிறுவனத்தால் முடிந்தது. ‘இருந்தாலும்’ என்பதை நம் வாயிலிருந்து எடுக்க வேண்டியது நாம்தான். உங்கள் வீட்டில் யாராவது சொன்னால், ‘இருந்தாலும் வேண்டாம் பாட்டி, களையா இருக்கேன்னு மட்டும் சொல்லுங்க’ என்று கேட்டுப் பாருங்கள். என் அண்ணன் மகள் இப்படிக் கேட்டுத்தான் எங்கள் வீட்டுப் பெரியவர்கள் பேச்சை மாற்றினார்கள்.

பாட்டி என்றதும் திருஷ்டி ஞாபகம் வருகிறது. நேராகப் புகழ்ந்தால் கெடுதல் வரும் என்ற பயம் பல மொழிகளில் பாராட்டையே வளைத்திருக்கிறது. முஸ்லிம் நண்பர்கள் குழந்தையை அழகு என்று சொல்லும்போது ‘மாஷா அல்லாஹ்’ சேர்ப்பது அதனால்தான். தாய்லாந்தில் கொழுகொழு குழந்தையை ‘அசிங்கமா இருக்கு, வெறுப்பா இருக்கு’ என்ற பொருளில் கொஞ்சுவார்கள். மலாய்த் தாய்மார் குழந்தையை முகர்ந்து ‘பூசோக்’, நாற்றம், என்று கொஞ்சுவதைக் கேட்டிருப்பீர்கள். நாம் கன்னத்தில் மைப்பொட்டு வைத்து, குப்பன் என்றும் பிச்சை என்றும் பெயர் வைத்தவர்கள். ‘என் கண்ணே பட்டுடும்போல’ என்று சொல்லி இரண்டு கையாலும் உங்கள் முகத்தை வழித்துத் தன் நெற்றிப்பொட்டில் நெட்டி முறிக்கிறாரே பாட்டி, அதைவிடப் பெரிய பாராட்டு எனக்குத் தெரிந்த எந்த மொழியிலும் இல்லை.

அவருடைய ‘பூசினாப்புல’வும் அந்த அன்பிலிருந்து வருவதுதான். அவரைப் பெற்றவர்கள் ஜப்பான்காரன் காலத்தில் அரிசி கிடைக்காமல் மரவள்ளிக்கிழங்கு தின்று உயிர் பிழைத்தவர்கள். மெலிவு என்றால் அந்த வீடுகளில் பசி, காய்ச்சல், சாவு. எலும்பு தெரியாமல் சதை பூசினாற்போல இருப்பது பிள்ளை நன்றாக இருக்கிறாள் என்பதற்கு ஆதாரம். லத்தீன் அமெரிக்காவில் ‘கொர்தீத்தா’, குண்டம்மா, என்று கணவன் மனைவியைக் கொஞ்சுவது சாதாரணம். மலாயில் மட்டும் கவனமாக இருங்கள். ‘பெரிசி’ என்று ஒரு தோழியிடம் சொன்னால் சதை போட்டிருக்கிறாய் என்றும் ஆகும், மாசமாக இருக்கிறாயா என்றும் ஆகும். ‘மொந்தோக்’ குழந்தைக்குச் சொன்னால் கொழுகொழு, வயதுப் பெண்ணுக்கு ஓர் ஆண் சொன்னால் அதில் காமம் கலந்துவிடும். பாட்டி சொல்வதில் அப்படி எதுவும் இல்லை. ஆனாலும் நாலு பேர் முன்னால் சொல்வது உங்களுக்குக் கூச்சமாக இருந்தால், வீட்டுக்குள் வைத்துச் சொல்லுங்கள் என்று கேட்பதில் தவறில்லை.

ஆங்கிலத்தில் ஒன்றைச் சொல்லிவிட்டுக் கடக்கிறேன், வரன் தேடும் வயதில் இருப்பதால் உதவும். நம்மவர் கல்யாண விளம்பரத்தில் ‘ஹோம்லி’ என்று போட்டால் குடும்பப் பாங்கான பெண் என்று நினைத்துப் போடுகிறார்கள். அமெரிக்கர் அதைப் படித்தால் ‘பார்க்க சுமாரான பெண்’ என்று எடுத்துக்கொள்வார். ‘ஸ்மார்ட்டா இருக்கான்’ என்று நாம் மாப்பிள்ளையின் தோற்றத்தைச் சொல்கிறோம், அமெரிக்கருக்கு அது புத்திசாலித்தனம்.

ஆண்களுக்கும் இது இல்லாமல் இல்லை. ‘ஹென்சம்’, ‘செகாக்’ என்றால் எந்தப் பையனும் நிமிர்ந்து நிற்பான். ‘ஜம்பு’ என்று மலாயில் சொன்னால் பெண்ணைப் போல் அழகான பையன் என்று அர்த்தம், விடுதிகளில் அந்தப் பெயர் விழுந்த பிள்ளைகள் பட்ட பாட்டைப் பார்த்தவள் நான். அதுவும் அழகைச் சொல்லும் சொல்தான், அதுவும் பக்கத்தில் நிற்பவனுக்குச் சொல்லப்படுவதுதான்.

கடைசியாக உங்கள் சூப்பர்வைசர். ‘ஹாட்’ என்பதை ஆங்கிலம் பேசும் தோழிகள் ஒருவருக்கொருவர் புது உடையைப் பார்த்துச் சொல்லிக்கொள்வார்கள், அதில் விகற்பம் இல்லை. ஓர் ஆண் பெண்ணுக்குச் சொல்லும்போது அதில் உடல் ஆசை வெளிப்படையாகவே இருக்கிறது. இவர் உங்களிடம் நேராகத்தான் பேசுகிறார், ஆனால் நீங்கள் விருப்பப்படி பதில் சொல்ல முடியாத இடத்தில் நின்று பேசுகிறார். உங்கள் ஷிப்டையும் லீவையும் போடுவது அவர் கை. ‘நன்றி’ என்றால் அடுத்த செய்தி வரும், பேசாமல் இருந்தால் திமிர் என்பார். என்னுடைய கேள்விக்கு இரண்டாவது பாதி ஒன்று உண்டு: ‘பிடிக்கவில்லை’ என்று சொன்னால் உங்களுக்கு ஏதாவது நட்டம் வருமா? சீன அங்கிளிடம் வராது, மலாய் அக்காவிடமும் வராது. இவரிடம் வரும். அதனால்தான் உங்களுக்கு வயிற்றைப் பிசைகிறது, அதை யாரும் அலட்டல் என்று சொல்ல விடாதீர்கள்.

முதலில், ‘வேலை விஷயத்துக்கு மட்டும் மெசேஜ் பண்ணுங்க சார்’ என்று ஒரே ஒரு வரி எழுத்தில் அனுப்புங்கள். சிரிப்புப் படம் எதுவும் சேர்க்க வேண்டாம். தொடர்ந்தால் நிர்வாகத்திடம் எழுத்துப் புகார். வேலைச் சட்டப்படி முதலாளி அதை விசாரிக்க வேண்டும், மறுத்தால் 30 நாளுக்குள் காரணத்தை எழுத்தில் தர வேண்டும். அங்கே நியாயம் கிடைக்காவிட்டால் 2022-ஆம் ஆண்டுப் பாலியல் தொல்லை எதிர்ப்புச் சட்டத்தின் கீழ் அமைந்த தீர்ப்பாயம் இருக்கிறது. பொதுவாக அங்கே வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. மன்னிப்புக் கேட்கச் சொல்லவும் 250,000 ரிங்கிட் வரை இழப்பீடு தரச் சொல்லவும் அதற்கு அதிகாரம் உண்டு. இதெல்லாம் வேண்டியிருக்காமலே போகலாம். ஆனால் வந்த செய்திகளை ஒன்றுகூட அழிக்காதீர்கள். தேதியும் நேரமும் தெரியும்படிப் படம் எடுத்து, அந்த மலாய் அக்காவுக்கும் ஒரு பிரதி அனுப்பி வையுங்கள்.